செடி வளர்த்துப் பழக்கமில்லாத ஆசிரியர் தோட்டப் பாடவேளையை எப்படி நடத்துவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு, 36 பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு பாடவேளை, அதுவும் 40 நிமிடம். பள்ளிக் கட்டடத்தின் பின்புறம் நான்கு பாத்தி போடும் அளவுக்கு இடம். நீங்கள் கணக்கு ஆசிரியர். யாரும் கைதூக்காததால் தோட்டப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. எந்தச் செடிகளை வைக்கலாம், எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், “பிள்ளைகள் ஏதாவது கேட்டால் விழித்துக்கொண்டு நிற்பேனோ என்று பயமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. செடிகளின் பட்டியலை யாரும் தருவார்கள். நான் அந்தக் கடைசி வரிக்கே பதில் எழுதப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வேளாண்மை படித்தவன், 19 ஆண்டுகளாகப் பள்ளித் தோட்டங்களில் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். எட்டு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களோடுதான் எனக்குப் பழக்கம். மழலையர் வகுப்புக்கு இந்தப் பதிலை அப்படியே கொண்டுபோக வேண்டாம்.

எடுத்த எடுப்பில் செடியைப் பார்க்காதீர்கள், நாட்காட்டியைப் பாருங்கள். நான் பார்த்த பள்ளித் தோட்டங்களில் பூச்சியால் அழிந்தவை கொஞ்சம், விடுமுறையால் அழிந்தவை ஏராளம். ஆர்வத்தோடு தக்காளி நாற்று நடுவார்கள். அது காய்த்துப் பழுக்க இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். சரியாக அந்த நேரத்தில் தேர்வு வரும், அதை ஒட்டி விடுமுறை வரும். திரும்பி வந்து பார்த்தால் காய்ந்த குச்சிகள் நிற்கும். அதனால் நீண்ட விடுமுறை தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கீரை 25, 30 நாளில் கைக்கு வரும். சிறிய உருண்டை முள்ளங்கிக்கும் ஏறத்தாழ அதே நாட்கள். வெண்டை 45, 50 நாளில் முதல் காய் தரும். உங்கள் தட்பவெப்பத்தைப் பொறுத்து இவை கொஞ்சம் முன்பின் ஆகலாம். முதல் பருவத்துக்கு இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

முதல் வகுப்பில் மண்ணையே தொடாதீர்கள். பழைய பருத்தித் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து விரித்து, பத்துக்குப் பத்தாக நூறு பயறுகளை அடுக்கி, துணியைச் சுருட்டி நிழலில் வைக்கச் சொல்லுங்கள். முந்தின இரவே ஊறவைத்த பயறாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். துணியைப் பிரித்து எண்ணினால் நூற்றுக்கு எத்தனை என்பது கையிலேயே இருக்கும். விதை விற்பவர்களும் வேளாண்மைத் துறையினரும் முளைப்புத்திறன் என்று சொல்வது இதைத்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சதவீதம் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துணியைப் பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் எத்தனை முளைக்கும் என்று ஊகித்து நோட்டில் எழுதியாக வேண்டும். ஊகத்தை எழுதிவைத்த பிள்ளை முளையை எண்ணும் விதமே வேறு. எழுதாத பிள்ளை வேடிக்கை பார்ப்பதோடு சரி.

விதைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இதையும் சொல்லுங்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் இருபது கண்ணாடிக் குப்பிகளில் மணலோடு விதைகளைக் கலந்து புதைத்துவைத்தார். விதைகள் மண்ணுக்குள் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்று அறிவதற்காக. முதலில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு பத்து, இருபது ஆண்டுக்கு ஒருமுறையும் ஒரு குப்பியைத் தோண்டியெடுக்கிறார்கள். கடைசியாக 2021இல் எடுத்தார்கள். 140 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த விதைகளில் சில அப்போதும் முளைத்தன. அடுத்த குப்பி 2040இல். அப்போது தங்களுக்கு என்ன வயது என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

இனி, விழித்துக்கொண்டு நிற்கும் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் கேட்பதில் பாதிக்கு எனக்கும் உடனே விடை சொல்ல வராது. “இந்த இலை மட்டும் ஏன் மஞ்சளாக இருக்கிறது?” என்பதற்கு நீர் மிகுதி, நீர்க் குறைவு, தழைச்சத்துக் குறைவு, வேர் அழுகல், வெறும் முதுமை என்று ஐந்து காரணம் சொல்லலாம். செடியைப் பார்க்காமல் ஒன்றைச் சொல்பவர் ஊகம்தான் செய்கிறார். இங்கே கணக்கு ஆசிரியரான உங்களுக்கு என்னைவிட வசதி அதிகம். “தெரியவில்லை, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று கேட்டு, இரண்டு தொட்டிகளை வைத்து, ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்வது உங்கள் தொழில். என்னைப்போல வேளாண்மை படித்தவர்களுக்கு விடையைக் கொட்டிவிடும் அவசரம் உண்டு. அந்த அவசரத்தால் நான் கெடுத்த வகுப்புகள் பல.

ஆனால் ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்துவிட்டுப் போங்கள். செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்று வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நம்பிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். வான் ஹெல்மோன்ட் என்ற அறிஞர் இதைச் சோதித்தார். உலர்த்திய மண் 200 ராத்தலை (ராத்தல் என்றால் பவுண்டு) எடைபோட்டு ஒரு தொட்டியில் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 ராத்தல் சொச்சம் ஆயிற்று. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டுமே. அவர் இறந்தபின் 1648இல் இது அச்சில் வந்தது. இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, மிச்ச எடை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். “தண்ணீர்” என்பார்கள். வான் ஹெல்மோன்ட்டும் அதையேதான் சொன்னார். அவர் சொன்னதும் தவறுதான். நன்றாக உலர்த்திய செடியின் எடையில் மிகப் பெரும்பகுதி காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவும் தண்ணீரும் சேர்ந்து உருவானது. மண்ணிலிருந்து வரும் சத்துகள் எடையில் மிகச் சிறிய பங்கு, ஆனால் அவை இல்லாவிட்டால் செடி இல்லை. கரியமில வாயுவின் பங்கை நிக்கோலா தெ சொசூர் என்ற விஞ்ஞானி அளந்து காட்டியது 1804இல். அத்தனை பேர் ஒன்றரை நூற்றாண்டு தடுமாறிய இடம் இது. உங்கள் வகுப்பு அங்கே ஒரு வாரம் தடுமாறினால் அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

மண்ணைக் காட்டுவதற்கு ஒரு கண்ணாடி ஜாடி போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், மூடி, நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்துவிடுங்கள். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படியும். அதற்கு மேல் வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களிமண் அடங்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இலைதழைத் துணுக்குகள் மேலே மிதக்கும். அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் உங்கள் பாத்தியில் என்ன மண் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பூவாளி கையில் கிடைத்த பிள்ளைக்கு நிறுத்தத் தெரியாது. 36 பேரும் தங்கள் முறைக்கு ஊற்றினால் நாற்றுகள் மூன்றாம் நாள் அடித்தண்டு மெலிந்து, சொல்லிவைத்தாற்போல வரிசையாகச் சாய்ந்துவிடும். இதற்கு நாற்றழுகல் என்று பெயர். நெருக்கமாக விதைத்து ஈரம் வடியாமல் வைத்தால் வரும். அதனால் நான் வைத்திருக்கும் சட்டம் இது. ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட வேண்டும். விரலில் ஈர மண் ஒட்டினால் அன்று தண்ணீர் இல்லை. விதை ஆழமும் அப்படித்தான். விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதையை விரல் ஆழத்தில் புதைத்துவிட்டு, முளைக்கவில்லை என்று கடைக்காரரைத் திட்டும் வகுப்புகள் உண்டு.

பூச்சிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு குற்ற உணர்வு பாக்கி இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், அவரைக் கொடியின் நுனியில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி அப்பியிருந்தது. ஒரு சிறுமி, ஒன்பது வயதிருக்கும், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த, குட்டி முதலையைப் போன்ற ஒரு புழுவை இலையோடு கிள்ளிக்கொண்டு வந்து, “இதுதான் செடியைத் தின்கிறது” என்று காட்டினாள். எனக்கு ஏழு வேலை. “நசுக்கிவிடம்மா” என்றேன். நசுக்கிவிட்டாள். அது பொறிவண்டின் புழு என்பது பத்து அடி நடந்தபின்தான் என் மண்டையில் உறைத்தது. வளர்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றிருக்கக்கூடிய புழு. திரும்பிப் போய் அவளிடம் நான் தவறு செய்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் என்னை நம்பாமல் மறுநாள் அதே போன்ற இன்னொரு புழுவைப் பிடித்து, அசுவினி உள்ள ஒரு இலையோடு சின்ன டப்பாவில் வைத்து, அரை மணி நேரம் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். புழு ஒரு அசுவினியைக் கவ்வித் தலையைத் தூக்கிச் சாறு உறிஞ்சிய நொடியில் அவள் போட்ட கூச்சல் பக்கத்து வகுப்புக்கும் கேட்டது. அன்றிலிருந்து என் தோட்டங்களில் ஒரு விதி: பெயர் தெரியாத எதையும் கொல்வதற்கு முன் ஒரு நாள் டப்பாவில் வைத்துப் பார்க்க வேண்டும். அசுவினி மேல் எறும்பு ஓடுவதைக் கண்டால் அதையும் காட்டுங்கள். எறும்பு அசுவினியைத் தின்ன வரவில்லை, அது கழிக்கும் இனிப்பு நீருக்காகக் காவல் காக்கிறது. பிள்ளைகள் அசுவினிக்குக் கறவை மாடு என்று தாங்களாகவே பெயரிடுவார்கள்.

மண்புழுவைக் கண்டால் அருவருப்பில் ஓடும் பிள்ளைகளுக்கு டார்வினைச் சொல்லலாம். 1881இல் மண்புழுக்களைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டவர். அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று அறிய விசில் ஊதிப் பார்த்தார், பியானோவையும் பசூன் என்ற குழலையும் பக்கத்தில் வாசிக்கச் செய்தார். புழுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து ஒரு சுரத்தை அடித்தபோது அதிர்வை உணர்ந்து சட்டென்று வளைக்குள் போய்விட்டன. டார்வின் என்றால் தாடி வைத்த படம் என்று மட்டும் நினைத்திருந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு மேசையைத் தட்டிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். தட்டட்டும்.

இடம் மிஞ்சினால் ஓரமாக ஒரு பூசணிக் கொடியை ஏற்றிவிடுங்கள். முதலில் ஆண் பூக்களாகவே பூத்து உதிரும். “காய்க்கவே இல்லை” என்று பிள்ளைகள் முகம் வாடும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து அடியில் குட்டிப் பிஞ்சோடு பெண் பூ வரும். நாளை மலரப்போகும் பெண் மொட்டுகளில் இரண்டை முந்தின மாலையே மெல்லிய வலைத்துணியால் கட்டிவிடுங்கள். அடுத்த நாள் காலையில் ஒன்றின் துணியைப் பிரித்து, ஆண் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்துவிட்டு மறுபடி கட்டிவிடுங்கள். இன்னொன்றைத் தொடாதீர்கள். தொடாதது சில நாளில் மஞ்சளாகி விழும். தேனீ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொற்பொழிவு நிகழ்த்த வேண்டிய தேவையே வராது. ஒரே சிக்கல், இந்தப் பூ விடியற்காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். உங்கள் பாடவேளை மதியம் என்றால் முதல் மணிக்கு ஐந்து நிமிடம் கடன் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

பாத்தியை ஆளுக்கொரு பங்காகப் பிரிப்பதா, எல்லோருக்கும் பொதுவாக விடுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டும் என்பது என் எண்ணம். கிண்டர்கார்டன் என்ற பெயரையே கொடுத்த பிரெடரிக் பிரோபெல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குழந்தைக்குத் தனிப் பாத்தியும் எல்லோருக்கும் பொதுப் பாத்தியும் வேண்டும் என்றார். 36 பேருக்குத் தனிப் பாத்திக்கு உங்களிடம் இடமில்லை. ஆளுக்கொரு தொட்டியோ பழைய டப்பாவோ கொடுத்துவிட்டு, பாத்திகளைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் பெயர் எழுதிய பிறகு அந்தச் செடி செத்தால் பிள்ளை அழக்கூடும். உடனே ஓடிப்போய்ப் புதுச் செடி வாங்கி வைத்து ஏமாற்றாதீர்கள். வேரோடு பிடுங்கி, வேர் வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பாகக் குழைந்திருக்கிறதா என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பாருங்கள். இன்னொன்று, தயவுசெய்து களையெடுப்பதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள், மற்ற ஆசிரியர்கள் கொடுத்தாலும் தடுத்துவிடுங்கள். வீட்டுப்பாடம் எழுதாதவனைக் களை பிடுங்க அனுப்பும் பள்ளியில் ஓர் ஆண்டு வேலை செய்திருக்கிறேன். அங்கே என் தோட்டத்துக்குள் சிரித்துக்கொண்டு வந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

மட்கு உரக் குழி போட ஆசைப்படுவீர்கள். போடுங்கள், ஆனால் குவியலுக்குள் கைவைத்தால் சுடும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடாதீர்கள். ஏறத்தாழ ஒரு கன மீட்டர் அளவு இல்லாவிட்டால் வெப்பம் தங்காது. சிறிய குவியலும் மட்கும், பொறுமையாக.

தோட்டத்தை வைத்து உழவைக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நான்கு பாத்தியில் தோற்றால் நமக்கு ஒன்றும் ஆகாது, உழவருக்கு அப்படியா? இந்த இடைவெளியைக் காட்ட உங்கள் கணக்கே உதவும். முற்றத்தில் சாக்குக்கட்டியால் ஒரு சதுர மீட்டர் வரையச் சொல்லுங்கள். ஒரு ஹெக்டேரில் 4 டன் தானியம் விளைவதாக வைத்துக்கொண்டால், அந்தக் கட்டத்தில் விளைவது 400 கிராம். உமி, தவிடு போனால் இன்னும் குறைவு. தாராளமாக அதை ஒரு ஆளின் ஒரு நாள் தானியம் என்று கொள்வோம். ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு 365 கட்டம். உங்கள் வகுப்புக்கு 13,140 சதுர மீட்டர், அதாவது மூன்றேகால் ஏக்கர். பள்ளி வளாகமே அவ்வளவு இருக்காது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த கையோடு ஓர் உழவரை வகுப்புக்கு அழைத்து, சென்ற பருவத்தில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள். அவரைப் பாராட்டிப் பேசச் சொல்ல வேண்டாம். கேள்விகளே மரியாதைதான்.

தோட்டத்தால் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று தலைமையாசிரியர் கேட்டால், கவனமாகச் சொல்லுங்கள். காய்கறிகளைப் பற்றிய அறிவு கூடுகிறது, புதிய காயைச் சுவைத்துப் பார்க்கும் துணிவு வருகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஓரளவு ஒத்த கருத்து உண்டு. ஆனால் அவர்கள் காய்கறியைக் கூடுதலாகச் சாப்பிடுகிறார்களா என்பதில் முடிவுகள் கலவையாக இருக்கின்றன. லண்டன் தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில், தோட்டத் திட்டம் மட்டும் உணவுப் பழக்கத்தை மாற்றியதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. தோட்டவேலை பள்ளிக்குள் ஆழமாக வேரூன்றிய இடங்களில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. மதிப்பெண் கூடும் என்று சத்தியம் செய்யாதீர்கள். தோட்டம் வைக்கும் பள்ளியில் பெரும்பாலும் ஆர்வமுள்ள ஆசிரியரும் இருப்பார். எது எதனால் என்று பிரிப்பது கடினம். மண்ணைத் தொட்டால் மூளையில் மகிழ்ச்சி சுரக்கும் என்று பரவும் செய்தி பெரும்பாலும் எலிகளிடம் செய்த சோதனைகளை வைத்துச் சொல்லப்படுவது. செண்டுமல்லி வைத்தால் எல்லாப் பூச்சியும் ஓடிவிடும் என்பதும் மிகைதான். அடர்த்தியாக வளர்த்தால், வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவைக் குறைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. எல்லாப் பூச்சியும் என்பது ஆசை.

பாதுகாப்பில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை சில. பூச்சிமருந்து பள்ளித் தோட்டத்துக்குள் வரவே கூடாது. ஊமத்தை, அரளி, ஆமணக்கு விதை மூன்றும் நஞ்சு. வளாகத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டிவிடுங்கள். பச்சைச் சாணத்தில் நோய்க்கிருமி இருக்கலாம், நன்றாக மட்கிய தொழு உரம்தான் வேண்டும். மண்ணை ஒட்டி விளைவதற்குப் பச்சை எருவிட்ட 120 நாளுக்குள் அறுவடை கூடாது என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மைச் சட்டத்தின் கணக்கு. பழைய பெயின்ட் உதிரும் சுவரை ஒட்டிப் பாத்தி போடாதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ 40 நிமிடத்தில் கடைசி 7 நிமிடத்தை ஒதுக்குங்கள். 36 பேர், இரண்டு குழாய்; அவ்வளவு ஆகும்.

இந்த வாரத்துக்கு உங்களுக்கு வேண்டியது ஒரு துணி, நூறு பயறு, ஒரு கண்ணாடி ஜாடி. முளைப்பு எத்தனை வந்தது என்று எண்ணியதும் இங்கேயே எழுதுங்கள். 60க்குக் கீழே என்றால் மண்ணில் இறங்குவதற்கு முன் விதையை மாற்றச் சொல்வேன்.